செருமனி பெண்கள் தேசியக் காற்பந்து அணியின் பயிற்சியாளர்கள்

செருமனி பெண்கள் தேசியக் காற்பந்து அணி இரண்டு முறை உலகக்கோப்பையையும் எட்டு முறை ஐரோப்பிய வாகையாளர் பட்டத்தையும் வென்ற அணியாகும். 1982இல் தொடங்கிய இவ்வணியை முதல் 34 ஆண்டுகளில் மூவர் மட்டுமே தலைமைப் பயிற்சியாளர்களாக வழிநடத்தினர். அவர்களுள் இருவர் பெண்கள். பெண்கள் உலகக்கோப்பையை வென்ற முதல் பெண் பயிற்சியாளர் இவ்வணியிலிருந்தே வந்தார்.

தடைக் காலம்

1954இல் மேற்கு செருமனி ஆண்கள் அணி உலகக்கோப்பையை வென்றபின் அந்நாட்டில் காற்பந்து ஆர்வம் பெருகியது. பெண்களும் அணிகள் அமைத்தனர். ஆனால் செருமானியக் காற்பந்துச் சங்கம் 1955 சூலையில் தன் உறுப்புக் கழகங்கள் பெண்கள் பிரிவு தொடங்குவதையும், பெண்களுக்கு மைதானம் தருவதையும் தடை செய்தது. இவ்விளையாட்டு பெண்ணின் உடலுக்கும் இயல்புக்கும் ஒவ்வாதது என்பது அதற்குக் கூறப்பட்ட காரணம்.

தடை நீடித்த 15 ஆண்டுகளிலும் பெண்கள் விளையாடுவதை நிறுத்தவில்லை. சங்கத்திற்கு வெளியே ஆட்டங்கள் நடந்தன. எனினும் முறையான பயிற்சி, நடுவர், போட்டித் தொடர் ஆகியவற்றிற்கு வழியில்லாமல் போனது. 1970 அக்டோபர் 31 அன்று தடை நீக்கப்பட்டது. அப்போதும் ஆட்ட நேரம் குறைவு, சிறிய பந்து, ஆணி பதித்த காலணிக்கு அனுமதி இல்லை போன்ற கட்டுப்பாடுகள் சில காலம் தொடர்ந்தன. தடையால் ஒரு தலைமுறை வீராங்கனைகள் மட்டுமல்லர், அவர்களிலிருந்து உருவாகியிருக்கக்கூடிய பயிற்சியாளர்களும் இழக்கப்பட்டனர்.

தேசிய அணிக்கு முன்

1981இல் தாய்வானில் நடந்த பன்னாட்டுப் போட்டிக்கு மேற்கு செருமனிக்கு அழைப்பு வந்தபோது அனுப்புவதற்குத் தேசிய அணி இல்லை. அக்காலத்தில் நாட்டின் வலிமையான கழகமாக இருந்த பேர்கிஷ் கிளாட்பாக் அணி சென்று பட்டத்தை வென்று திரும்பியது. அதன் ஆட்டக்காரராகவும் பயிற்சியாளராகவும் விளங்கியவர் ஆன்னே டிராபன்ட்-ஹார்பாக். அடுத்த ஆண்டு தேசிய அணி அமைக்கப்பட்டபோது அவர் வீராங்கனையாக அதில் இடம்பெற்றார். தலைமைப் பயிற்சியாளர் பொறுப்பு ஓர் ஆணுக்குச் சென்றது.

கெரோ பிசான்ஸ் (1982–1996)

கெரோ பிசான்ஸ் கோல்ன் கழகத்தின் முன்னாள் ஆட்டக்காரர். அந்நகரின் விளையாட்டுப் பல்கலைக்கழகத்தில் காற்பந்துப் பயிற்சியாளர்களை உருவாக்கும் கல்வியை நடத்தியவர். 1982 நவம்பர் 10 அன்று கோப்லென்ஸ் நகரில் நடந்த முதல் ஆட்டத்தில் அவருடைய அணி சுவிட்சர்லாந்தை 5–1 என வென்றது. மாற்று வீராங்கனையாக இறங்கிய 18 வயது சில்வியா நைட் அதில் இரண்டு கோல்கள் அடித்தார்.

1989இல் சொந்த நாட்டில் நடந்த ஐரோப்பிய வாகையாளர் போட்டியின் இறுதியாட்டத்தில் நோர்வேயை 4–1 என வென்று அணி முதல் பட்டத்தைப் பெற்றது. சங்கம் வீராங்கனைகளுக்கு வழங்கிய பரிசு ஒரு காப்பிக் கோப்பைத் தொகுப்பு. பெண்கள் ஆட்டத்திற்கு அன்று இருந்த மதிப்பிற்கு இந்நிகழ்வு இன்றும் சான்றாகச் சொல்லப்படுகிறது. 1991, 1995 ஆண்டுகளிலும் பிசான்ஸ் ஐரோப்பியப் பட்டம் வென்றார். 1995 உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் நோர்வேயிடம் 0–2 எனத் தோற்றார். 1996 ஒலிம்பிக்கில் முதல் சுற்றிலேயே வெளியேறியதுடன் அவர் விலகினார்.

டீனா டொய்னே (1996–2005)

பிசான்ஸின் உதவியாளராக இருந்த டீனா டொய்னே அடுத்துப் பொறுப்பேற்றார். செருமனியின் மிக உயர்ந்த காற்பந்துப் பயிற்சியாளர் உரிமத்தைப் பெற்ற முதல் பெண் அவர். அவர் தன் உதவியாளராகச் சில்வியா நைட்டைச் சேர்த்துக்கொண்டார். கோப்லென்ஸில் ஆட்டக்காரராகத் தொடங்கியவர் இவ்வாறு பயிற்சியாளர் வரிசைக்குள் வந்தார்.

டொய்னே 1997, 2001, 2005 ஐரோப்பியப் பட்டங்களையும், 2000, 2004 ஒலிம்பிக் வெண்கலங்களையும் வென்றார். 2003 அக்டோபர் 12 அன்று அமெரிக்காவின் கார்சன் நகரில் நடந்த உலகக்கோப்பை இறுதியாட்டத்தில் செருமனி சுவீடனை எதிர்கொண்டது. கூடுதல் நேரத்தில், ஆட்டத்தின் 98ஆவது நிமிடத்தில், மாற்று வீராங்கனை நியா கூன்சர் தலையால் முட்டி அடித்த தங்க கோல் 2–1 என்ற வெற்றியைத் தந்தது. சுவீடனின் பயிற்சியாளர் மரிகா டொமான்ஸ்கி லிஃபோர்சும் பெண்ணே. இரு பெண் பயிற்சியாளர்கள் மோதிய முதல் உலகக்கோப்பை இறுதியாட்டம் இதுவாகும்.

சில்வியா நைட் (2005–2016)

நைட் 2007இல் சீனாவில் நடந்த உலகக்கோப்பையை ஒரு கோலும் விட்டுக்கொடுக்காமல் வென்றார். ஆறு ஆட்டங்களில் அணி 21 கோல்கள் அடித்தது. இறுதியாட்டத்தில் பிரேசிலின் மார்த்தா அடித்த தண்ட உதையைக் கோல்காப்பாளர் நாடின் ஆங்கெரர் தடுத்தார். 2009, 2013 ஐரோப்பியப் பட்டங்களும் தொடர்ந்தன.

இடையில் ஒரு பெரும் தோல்வியும் உண்டு. 2011இல் சொந்த நாட்டில் நடந்த உலகக்கோப்பையின் காலிறுதியில் சப்பானிடம் 0–1 எனத் தோற்றதால், 2012 இலண்டன் ஒலிம்பிக்கிற்கான தகுதியையும் அணி இழந்தது. சங்கம் அவரை நீக்கவில்லை. 2016 ரியோ ஒலிம்பிக்கில் சுவீடனை 2–1 என வென்று தங்கத்துடன் அவர் விடைபெற்றார்.

2016க்குப் பின்

முதல் மூன்று பயிற்சியாளர்களுக்கிடையே தொடர்ச்சி இருந்தது: ஒருவரின் உதவியாளரே பல ஆண்டுகள் கற்றபின் அடுத்த தலைவரானார். நைட்டுக்குப் பின் வந்த ஸ்டெபி ஜோன்ஸ் புகழ்பெற்ற தற்காப்பு வீராங்கனை. 2011 உலகக்கோப்பை ஏற்பாட்டுக் குழுவின் தலைவர். ஆனால் அதற்கு முன் எந்த அணிக்கும் அவர் தலைமைப் பயிற்சியாளராக இருந்ததில்லை. 2017 ஐரோப்பியக் காலிறுதியில் டென்மார்க்கிடம் தோற்றதால், 1995 முதல் தொடர்ந்து ஆறு முறை பெற்ற பட்டம் கைநழுவியது. 2018 மார்ச்சில் அவர் நீக்கப்பட்டார்.

இடைக்காலத்தில் ஹோர்ஸ்ட் ஹ்ருபெஷ் அணியைக் கவனித்தார். பின்னர் வந்த மார்ட்டினா ஃபோஸ்-டெக்லென்புர்க் 2022இல் அணியை ஐரோப்பிய இறுதியாட்டத்திற்குக் கொண்டுசென்றார். வெம்பிளியில் 87,192 பார்வையாளர்கள் முன் இங்கிலாந்து 2–1 என வென்றது. 2023 உலகக்கோப்பையில் செருமனி முதன்முறையாகக் குழுச் சுற்றிலேயே வெளியேறியது. மீண்டும் அழைக்கப்பட்ட ஹ்ருபெஷ் 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் வெண்கலம் பெற்றுத் தந்தார். அவருக்குப்பின் கிறிஸ்டியான் வூக் பொறுப்பேற்றார்.

முக்கியத்துவம்

1991 முதல் 2023 வரை நடந்த ஒன்பது பெண்கள் உலகக்கோப்பைகளில் நான்கைப் பெண் பயிற்சியாளர்கள் வென்றனர்: டொய்னே, நைட், அமெரிக்க அணியின் ஜில் எல்லிஸ் (இரு முறை). ஐரோப்பியப் போட்டியில் 1997 முதல் 2025 வரையிலான எட்டுப் பட்டங்களும் பெண் பயிற்சியாளர்களுக்கே சென்றன. டொய்னே, நைட் ஆகியோருக்குப்பின் நெதர்லாந்து, இங்கிலாந்து அணிகளுடன் சரினா வீக்மன் அவற்றை வென்றார். ஆயினும் 2023 உலகக்கோப்பையின் 32 அணிகளில் 12 மட்டுமே பெண் பயிற்சியாளர்களைக் கொண்டிருந்தன.

செருமனியின் வரலாறு இவ்விடைவெளிக்கான காரணத்தை ஓரளவு விளக்குகிறது. டொய்னேக்குப் பத்தாண்டு உதவியாளர் பணி வாய்த்தது. நைட்டுக்கும் ஏறத்தாழ அவ்வளவே. அத்தகைய வாய்ப்பு 1955 தடையின்கீழ் விளையாடிய பெண்கள் எவருக்கும் கிடைக்கவில்லை.