கோத்தரின் கொம்பு: மூலப்பொருளும் ஒலியும்

நீலகிரித் தொல்குடிகளுள் கொல்லுத்தொழிலும் இசையும் ஒருங்கே வாய்த்தவர் கோத்தர். தோடருக்கு இரும்புக் கருவிகளும் மட்பாண்டங்களும் அளித்த அவர்களே தோடரின் ஈமச்சடங்குகளுக்கு இசையும் வழங்கினர் என்பதை டபிள்யூ. எச். ஆர். ரிவர்ஸ் 1906இல் வெளியிட்ட தோடர் பற்றிய நூலால் அறியலாம். கோத்தர் இசைக்குழுவில் பண்ணை இசைப்பது 'கொள்' என்னும் சீவாளிக் கருவி. பறையொலிக்கு மேலாக ஓங்கி முழங்குவது 'கொப்' என்னும் வளைந்த பித்தளைக் கருவி. 'கொப்' என்பது தமிழ்க் 'கொம்பு' என்பதன் இனச்சொல். பொருள் மாறியும் பெயர் மாறாமை, விலங்கின் கொம்பே இக்கருவியின் மூலவடிவம் என்பதைச் சுட்டுகிறது.

பித்தளை வந்ததால் ஒலி மாறியது என்று கூறுதல் எளிது. ஆயினும் ஒலியியல் அதனை அவ்வாறே ஏற்பதில்லை. ஊதுகருவியில் ஒலிப்பது உள்ளிருக்கும் காற்றுத்தம்பமே; சுவரன்று. ஜான் கோல்ட்மன் 1971இல் வெள்ளி, செம்பு, மரம் ஆகியவற்றால் ஒரே உள்ளளவில் அமைத்த குழல்களைக் கேட்டோரும் வாசித்தோரும் வேறுபடுத்த இயலவில்லை. பித்தளைக் கருவிகளில் வாய்ப்பகுதியின் சுவரதிர்வு ஒலியைச் சிறிது மாற்றுவதைப் பிற்கால அளவீடுகள் காட்டினும், உள்வடிவின் செல்வாக்கிற்கு அது ஈடாகாது.

எனில் மூலப்பொருளுக்குப் பங்கே இல்லையா? உண்டு; அது வடிவின் வழியாக வருகிறது. விலங்கின் கொம்பு தன் இயற்கை நீளத்தை மீறாது. உலோகத்தையோ துண்டுதுண்டாகச் செய்து பொருத்தி விரும்பிய அளவு நீட்டலாம். தென்னிந்தியக் கொம்புகள் பலவும் அவ்வாறே அமைகின்றன. கூம்புக்குழாயின் நீளம் 60 செ.மீ. எனில் அடிப்படை அதிர்வெண் ஏறக்குறைய 285 ஹெர்ட்சு, 120 செ.மீ. எனில் அதில் பாதி. ஒரு தாயி இறங்குகிறது. அடுத்தடுத்த மேற்சுரங்களும் ஊதுவோரின் உதட்டுக்கு எட்டும் எல்லைக்குள் வந்துவிடுகின்றன. பித்தளையின் கொடை இந்த நீளமே. 'உலோகத் தொனி' எனப் பலர் சொல்வது பெரிதும் இதன் விளைவு.

மலைக்குளிரின் பங்கும் சிறிதன்று. குழலுள் காற்று 25 பாகையிலிருந்து 10 பாகைக்குக் குளிர்ந்தால் சுருதி ஏறத்தாழ 2.6 விழுக்காடு தாழும். அரைச்சுரத்தின் பாதிக்குச் சற்றுக் குறைவு. மலையின் உயரத்தால் குறையும் காற்றழுத்தம் சுருதியை அவ்வாறு பாதிப்பதில்லை.

1930களில் படகருள் பலர் தம் சடங்குகளில் கோத்தர் இசையைத் தவிர்க்கத் தொடங்கியபின் கொப் முழங்கும் களங்கள் சுருங்கின. எஞ்சியுள்ள பழங்கருவிகளை ஆவணப்படுத்துவோர் 'பித்தளை' என்று மட்டும் எழுதி அமைதல் போதாது. உள்விட்டம் ஊதுமுனை முதல் வாய்வரை எவ்வாறு விரிகிறது என்பதையும், ஊதுமுனைக் கிண்ணத்தின் ஆழத்தையும் அளந்து குறித்தாலன்றி அக்கருவியின் ஒலியைப் பின்னர் எவரும் மீட்டெடுத்தல் அரிது.