கும்பினியின் தூதர், ஐதரின் விருந்தாளி

1783 ஆகஸ்டில் கும்பினியின், அதாவது ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியின், கர்னல் புல்லர்ட்டனின் படை பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டையைப் பிடித்தது. கோவில்பட்டிக்குத் தெற்கே, ஒட்டப்பிடாரம் பக்கத்துக் கரிசல் பூமி. கோட்டைக்குள் சிக்கியவற்றில் ஓர் ஒப்பந்தமும் இருந்தது: கொழும்பு டச்சுக்காரர்களோடு அந்தக் கோட்டையின் பாளையக்காரர் செய்துகொண்டது. அமெரிக்கக் கலகக்காரர்களோடு டச்சுக்காரர்கள் வியாபாரம் செய்த ஆத்திரத்தில், 1780 கடைசியில் இங்கிலாந்து அவர்கள்மீது போர் தொடுத்திருந்தது. அந்தச் சண்டை நம் பருத்திக்காடு வரை வந்துவிட்டது.

அந்தக் கலகத்தின்போது அமெரிக்காவில் ஆங்கிலத் திருச்சபைப் பாதிரிமார் பாடு பெரும்பாடு. குருப்பட்டம் வாங்கும்போதே அரசருக்கு விசுவாசப் பிரமாணம் செய்தவர்கள் அவர்கள். எதிரே பெஞ்சில் இருப்பவர்களோ சுதந்திரம் கேட்பவர்கள். மேரிலாந்தில் ஜொனாதன் பௌச்சர் தோட்டா போட்ட கைத்துப்பாக்கிகளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டே பிரசங்கம் செய்தார். 1775இல் இங்கிலாந்துக்குக் கப்பலேறினார்.

நம் பக்கத்தில் அப்படி இரு தரப்புக்கு நடுவே மாட்டிக்கொண்ட பாதிரியார் சுவார்ட்ஸ் ஐயர். பிறந்தது பிரஷ்யா, குருப்பட்டம் டென்மார்க்கில், சம்பளம் லண்டனில் இருந்த ஒரு கிறிஸ்தவச் சங்கத்திடம். 1750இல் தரங்கம்பாடிக்கு வந்தார். பிறகு திருச்சியில் கும்பினிப் படைக்குப் போதகர். தஞ்சை துளஜா மன்னருக்கோ நெருங்கிய நண்பர். 1778இல் பாளையங்கோட்டைக்கும் வந்து போனார். எந்த அரசருக்கு இவர் குடி என்று கேட்டால் அவரே சற்று யோசித்திருப்பார்!

1779இல் சென்னை கவர்னர் ரம்போல்ட் இவரை ரகசியமாக மைசூரை ஆண்ட ஐதர் அலியிடம் தூது அனுப்பினார். ரத்தம் சிந்தாமல் தடுக்கலாம், கும்பினியின் உதவிக்கும் கைம்மாறு ஆகும் என்று ஐயர் ஒப்புக்கொண்டார். ஆனால், அதே ஆண்டு மார்ச்சில் கும்பினி மாகியைப் பிடித்திருந்தது. அமெரிக்கர்களோடு கைகோத்த பிரெஞ்சுக்காரரின் துறைமுகம் அது. தன் பாதுகாப்பில் இருப்பதாக ஐதர் எச்சரித்திருந்த இடமும்கூட. அடித்த கையே சமாதானத் தூது அனுப்பியது.

ஸ்ரீரங்கப்பட்டணத்தில் ஐதர் அவரைக் கம்பளத்தில் தன் பக்கத்திலேயே உட்கார்த்திப் பேசினார். எழுதப் படிக்கத் தெரியாத மன்னர், ஞாபகசக்தியோ அசாத்தியம். அதிகாரிகளையும் விட்டுவைக்காமல் விளாச, சாட்டையோடு இருநூறு பேர் காத்திருந்ததையும் ஐயர் குறித்திருக்கிறார். விடைபெறும்போது வழிச்செலவுக்கென்று ஐதர் கொடுத்த 300 ரூபாயைச் சென்னையில் ஒப்படைத்தார். நீரே வைத்துக்கொள்ளும் என்றது அரசு. பணம் தஞ்சை அநாதைப் பிள்ளைகளின் பள்ளிக்குப் போனது.

சமாதானம் கிடைக்கவில்லை. 1780இல் ஐதரின் படை கர்நாடகத்துக்குள் (அன்றைய ஆர்க்காட்டு நவாபின் பகுதி) இறங்கியது. இந்தப் பாதிரியாரை மட்டும் தடுக்கக் கூடாது என்று ஐதரின் உத்தரவாம். 1783இல் ஐதரின் மகன் திப்புவிடம் போகப் பார்த்தபோது சத்தியமங்கலத்திலேயே திருப்பி அனுப்பப்பட்டார். பாஞ்சாலங்குறிச்சியைப் பிடித்த புல்லர்ட்டனே பின்னாளில் இவரது நேர்மையை வாயாரப் புகழ்ந்து எழுதினார்.

ஐயரை நான் துரோகி என்று சொல்லமாட்டேன். அப்பாவி என்றும் சொல்லமாட்டேன். ஐதர் நம்பியது அவரை. அந்த நம்பிக்கையைத் தன் வேலைக்குப் பயன்படுத்திக்கொண்டது கும்பினி. அது தெரிந்த பிறகும் அவர் கும்பினியை விட்டு விலகவில்லை.

1798இல் தஞ்சையில் காலமானார். அவருக்கு இரண்டு பளிங்கு நினைவுச் சின்னங்கள் உண்டு: தஞ்சைத் தேவாலயத்தில் சரபோஜி மன்னர் வைத்தது, சென்னைக் கோட்டை புனித மேரி ஆலயத்தில் கும்பினி வைத்தது.