நடுவில் நிற்கும் குரல்

சென்ற மாதம் நண்பர் ஒருவர் ஒரு கேள்வியோடு வந்தார். அவருடைய தந்தைக்கு வயது 78. வீட்டில் மெல்லிய திரை கொண்ட புதிய தொலைக்காட்சி வந்த நாளிலிருந்து, படம் பார்க்கும்போதெல்லாம் பெரியவர் "என்ன சொன்னான்?" என்று கேட்டுக்கொண்டே இருக்கிறாராம். ஒலியைக் கூட்டினால் வெடிச்சத்தம் தூக்கிவாரிப் போடுகிறது. குறைத்தால் பேச்சு கேட்பதில்லை. சில நாட்களாக அவர் கேட்பதையும் நிறுத்திவிட்டு, பாதிப் படத்திலேயே எழுந்து தம் அறைக்குப் போய்விடுகிறார். "விலை உயர்ந்த சவுண்ட்பார் ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். எதை வைத்து அதை எடை போடுவது?" என்றார் நண்பர்.

வாட் கணக்கைச் சொல்லி அனுப்பியிருக்கலாம். ஆனால் தொலைக்காட்சியின் காலடியில் கிடக்கும் அந்த நீளமான கருப்புப் பெட்டிக்குப் பின்னால் ஏறத்தாழ நூற்று நாற்பது ஆண்டு வரலாறு இருக்கிறது. எதைக் கேட்டுப் பார்க்க வேண்டும் என்பதை அந்த வரலாறே சொல்லிவிடும் என்று தோன்றியது.

1881-ல் பாரிஸ் நகரில் மின்சாரக் கண்காட்சி ஒன்று நடந்தது. கிளமாங் அடேர் என்ற பொறியாளர், ஆப்பெரா அரங்கின் மேடையோரத்தில் ஒலிவாங்கிகளை வரிசையாக அமைத்து, தொலைபேசிக் கம்பிகள் வழியே கண்காட்சி மண்டபத்துக்குப் பாட்டைக் கொண்டுவந்தார். கேட்பவருக்கு இரண்டு குழல்கள், காதுக்கு ஒன்றாக. பாடகர் மேடையில் இடமிருந்து வலம் நடந்தால் அந்த நடையும் காதில் விழுந்தது. இம்முறை பின்னர் 'தியேட்டர்ஃபோன்' என்ற பெயரில் 1890 முதல் 1932 வரை சந்தா கட்டிக் கேட்கும் சேவையாக நடந்தது. நாவலாசிரியர் மார்செல் புரூஸ்ட் 1911-ல் அதன் சந்தாதாரராகி, தம் அறையிலிருந்தபடியே ஆப்பெரா கேட்டார். வீட்டுக்குள் அரங்கைக் கொண்டுவரும் ஆசை அத்தனை பழையது.

இரு காதுகள் எப்படித் திசையை அறிகின்றன என்பதை 1907-ல் ராலே பிரபு விளக்கினார். வலப்பக்கத்து ஒலி வலக்காதைச் சற்று முன்னதாக அடைகிறது. இடக்காதுக்குத் தலை நிழலாகி ஒலியைக் குறைக்கிறது. தாழ்ந்த சுருதிகளில் காலவேறுபாடும், உயர்ந்த சுருதிகளில் வலிமை வேறுபாடும் நமக்குத் திசை காட்டுகின்றன. அந்தக் காலவேறுபாடு ஒரு வினாடியின் ஆயிரத்தில் ஒரு பங்கைக்கூட எட்டுவதில்லை. இதற்குப் பின் வந்த கருவிகள் அனைத்தும், சவுண்ட்பார் உட்பட, இந்த நுட்பமான கணக்கை ஏமாற்றும் முயற்சிகளே.

பேசும்படம் வந்த புதிதில் லண்டன் திரையரங்கு ஒன்றில் ஆலன் புளூம்லைன் என்ற இளம் பொறியாளர் தம் வருங்கால மனைவியோடு படம் பார்த்தார் என்றும், நடிகர் திரையின் ஒரு பக்கம் நிற்க, குரல் வேறிடத்திலிருந்து வருவது அவரை உறுத்தியது என்றும் சொல்வார்கள். 1931 டிசம்பரில் இ.எம்.ஐ. நிறுவனத்துக்காக அவர் பதிவு செய்த காப்புரிமை, ஸ்டீரியோ ஒலிப்பதிவின் அடிப்படைகளை ஏறக்குறைய முழுமையாக வகுத்துவிட்டது. இசைத்தட்டின் ஒரே பள்ளத்தின் இரு சுவர்களிலும் இரண்டு தடங்களைப் பொறிக்கும் முறையும் அதில் அடக்கம். 1942-ல் ரேடார் சோதனைக்காகப் பறந்த விமானம் விழுந்து 38 வயதில் அவர் மறைந்தார். ஸ்டீரியோ இசைத்தட்டுகள் கடைகளுக்கு வந்தது 1958-ல்தான்.

இதே காலத்தில் அமெரிக்காவின் பெல் ஆய்வகம் வேறு முடிவுக்கு வந்திருந்தது. 1933 ஏப்ரல் 27 அன்று, ஃபிலடெல்ஃபியாவில் வாசித்த இசைக்குழுவை வாஷிங்டன் அரங்கில் ஒலிக்கச் செய்தார்கள். ஹார்வி ஃபிளெட்சர் தலைமையிலான அக்குழு பயன்படுத்தியது மூன்று ஒலிவாங்கிகள், மூன்று ஒலிபெருக்கிகள்: இடம், வலம், நடு. இரண்டு போதாதா என்று கேட்கலாம். இரண்டு ஒலிபெருக்கிகளும் ஒரே குரலைச் சமமாக ஒலித்தால், அது நடுவிலிருந்து வருவதாகத் தோன்றுவது உண்மையே. ஆனால் அது சரியான நடுக்கோட்டில் அமர்ந்தவருக்கு மட்டுமே. சற்று நகர்ந்து அமர்ந்தால் குரல் அருகிலிருக்கும் பெட்டிக்குள் ஓடிவிடும். முதலில் வந்து சேரும் ஒலியின் திசையையே காது நம்புகிறது என்பதை 1949-ல் ஹெல்முட் ஹாஸ் அளந்து காட்டினார்.

அரங்கு முழுக்க ஆட்களை அமர்த்தும் சினிமாவுக்கு இந்தப் பாடம் உடனே புரிந்தது. 1940-ன் 'ஃபேண்டேசியா', 1953-ன் முதல் சினிமாஸ்கோப் படமான 'தி ரோப்' ஆகியவற்றின் ஒலியமைப்பில் நடு ஒலிபெருக்கிக்கு இடம் இருந்தது. இன்றுவரை திரைப்பட வசனத்தின் பெரும்பகுதி அங்கிருந்தே வருகிறது. வீட்டின் கதை வேறு. இசைத்தட்டின் பள்ளத்துக்குச் சுவர்கள் இரண்டுதான்; ஆகவே வீட்டுக்கு வந்த ஒலிபெருக்கிகளும் இரண்டாயின. நடுக்குரல் வாசலிலேயே நின்றுவிட்டது.

அது வீட்டுக்குள் முறையாக நுழைந்தது 1987-ல், டால்பி நிறுவனத்தின் 'புரோ லாஜிக்' முறையோடு எனலாம். அடுத்த பத்தாண்டில் டி.வி.டி. வந்தது, ஐந்து பெட்டிகளும் தாழ்சுருதிக்கு ஒரு பெரிய பெட்டியுமாகக் கூடம் நிறைந்தது. கம்பிகள் காலை இடறின. பின்னர் தொலைக்காட்சி மெலியத் தொடங்கியது. பழைய பெட்டித் தொலைக்காட்சிகள் பலவற்றில் நம்மை நோக்கி இருந்த ஒலிபெருக்கி, தரையையோ சுவரையோ பார்த்துத் திரும்பிக்கொண்டது. பெரியவரின் "என்ன சொன்னான்?" பிறந்த இடம் இதுதான்.

சவுண்ட்பார் இந்த இரு சிக்கல்களுக்குமான சமரசம். அதன் உயர்ரக வடிவத்தின் பின்னே இரண்டு சிந்தனைகள் உள்ளன. 1960-களின் முற்பகுதியில் பெல் ஆய்வகத்தில், இந்தியாவில் பிறந்த பிஷ்ணு அடலும் மான்ஃபிரட் ஷ்ரோடரும், வலப்பெட்டியின் ஒலி இடக்காதில் விழாதபடி எதிரொலியால் அழிக்கும் கணக்கை வகுத்தார்கள். அதனால் முன்னால் இருக்கும் இரு பெட்டிகளே பக்கவாட்டிலிருந்து ஒலிப்பதாகக் காதை நம்பவைக்க முடிந்தது. இரண்டாவது சிந்தனை இங்கிலாந்தின் டோனி ஹூலியுடையது. பல சிறு ஒலிபெருக்கிகளை அடுக்கி, ஒவ்வொன்றையும் நுண்ணிய தாமதத்தோடு ஒலிக்கச் செய்தால், குளத்து அலைகள் கூடுவதுபோல ஒலி ஒரு கற்றையாகத் திரளும். அதைச் சுவரில் எறிந்து பின்னாலிருந்து திரும்பி வரச் செய்யலாம். 2004-ல் யமஹா வெளியிட்ட ஒய்.எஸ்.பி-1 கருவியில் இதற்காக 42 ஒலிபெருக்கிகள் இருந்தன. 2019-ல் வந்த சென்ஹைசர் அம்பியோ 13 ஒலிபெருக்கிகளையும் 18.5 கிலோ எடையையும் கொண்டது; அறையை அளந்து தன்னைத் திருத்திக்கொள்ள ஓர் ஒலிவாங்கியும் உடன் வந்தது. வெளியானபோது அதன் விலை 2,499 யூரோ.

இவ்வளவையும் சொல்லிவிட்டு நண்பரிடம் கேட்டேன்: "உங்கள் கூடத்தின் சுவர்கள் எப்படி?" ஒருபுறம் சுவர், மறுபுறம் சாப்பாட்டு அறைக்கும் அடுக்களைக்கும் திறந்த வெளி என்றார். அப்படியானால் எறிந்த ஒலியில் பாதி திரும்பாது. கூரையில் மோதி மேலிருந்து இறங்க வேண்டிய ஒலிக்கும், அதிக உயரமில்லாத தட்டையான கடினக் கூரை வேண்டும். சரிந்த ஓட்டுக்கூரையில் அந்த வித்தை பலிக்காது. உயர்விலைக் கருவிக்கு நாம் கொடுக்கும் பணத்தின் பெரும்பகுதி இந்த வித்தைகளுக்கானது. அறை ஒத்துழைக்காவிட்டால் அந்தப் பணம் வீண்.

கடையில் சோதிக்க மூன்று வழிகள் சொன்னேன். ஒன்று, வசனத்துக்கென நடுவில் தனி ஒலிபெருக்கி உண்டா என்று கேட்பது. இரண்டு, நடுவில் அமராமல் ஓரமாக அமர்ந்து, குரல் முகத்தோடு ஒட்டி நிற்கிறதா என்று பார்ப்பது. மூன்று, 'பராசக்தி' போன்ற பழைய படம் ஒன்றை ஓடவிடுவது. 1952-ன் அந்தப் படத்துக்கு ஒரே தடம்தான். நீதிமன்றக் காட்சியில் சிவாஜியின் குரலை ஒரு கருவி அறையெங்கும் இறைத்தால், அந்தக் கருவி வேண்டாம்.

தந்தையையும் கூட்டிக்கொண்டு போயிருக்கிறார். நீதிமன்றக் காட்சி முடியும்வரை பெரியவர் அசையவில்லையாம். ஆனால் அவருடைய உதடுகள் அசைந்துகொண்டிருந்தன. வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்! என் மூன்றாவது சோதனை அங்கே தோற்றது. பிறகு அவர் பார்த்திராத ஒரு படத்தைப் போட்டு, பெரியவரை ஓரத்து நாற்காலியில் அமரவைத்து, நடு ஒலிபெருக்கி உள்ள இடைத்தர விலைக் கருவி ஒன்றைத் தேர்ந்தெடுத்தார்கள்.

செவி மருத்துவரையும் ஒருமுறை பார்க்கச் சொல்லியிருக்கிறேன். காதின் குறையைப் பெட்டி முழுவதும் தீர்த்துவிடாது. நேற்று நண்பர் தொலைபேசியில் பேசினார். அப்பா இன்னும் அவ்வப்போது "என்ன சொன்னான்?" என்று கேட்கிறாராம். ஆனால் படம் முடியும்வரை எழுந்து போவதில்லையாம்.