கூம்புச் சுரப்பியும் இரவின் தூதும்: ஒரு மருத்துவ வரலாற்று நோக்கு

மனித மூளையின் நடுவே, இரு அரைக்கோளங்களும் மறைத்து நிற்கும் ஆழத்தில், நெல்மணியினும் சற்றே பெரிதான ஒரு சுரப்பி உண்டு. பைன் மரத்தின் காயை ஒத்திருந்தமையால் கிரேக்கர் அக்காயின் பெயரையே அதற்கு இட்டனர். இலத்தீனில் அது 'பீனியல்' ஆயிற்று. அரபியிலும் அம்மரத்தின் பெயரான 'ஸனவ்பர்' என்பதினின்றே 'அல்குத்தத்துஸ் ஸனவ்பரிய்யா' என வழங்கலாயிற்று. தமிழ்ப் பாடநூல்கள் கூம்புச் சுரப்பி என்கின்றன. மரம் உதிர்ந்து வடிவம் மட்டும் நம் மொழியில் எஞ்சியது. இரவுதோறும் மெலட்டோனின் என்னும் பொருளைக் குருதியில் கலப்பது இச்சுரப்பியே. அப்பொருளை உறக்கத்தின் ஊற்றென்றும் இளமையின் காவலனென்றும் போற்றும் எழுத்துகள் அண்மைக் காலத்தில் மலிந்துள்ளன. இச்சிற்றுறுப்பின் தலையில் அதன் தகுதிக்கு மிஞ்சிய சுமை ஏற்றப்படுவது இது முதன்முறையன்று. அந்த வரலாற்றையே நாம் இங்கு ஆராயப் புகுகிறோம்.

கி.பி. இரண்டாம் நூற்றாண்டில் பெர்கமம் நகரில் பிறந்த காலென், அதாவது அரபு மருத்துவ நூல்கள் ஜாலீனூஸ் என அழைக்கும் பேரறிஞர், இச்சுரப்பியைப் பற்றி விரிவாகவே எழுதியுள்ளார். இரைப்பையின் வாயிலை ஒரு தசைவளையம் காப்பதுபோல, மூளை அறைகளினூடே செல்லும் உயிராவியின் போக்கை இச்சுரப்பி காக்கிறது எனச் சிலர் அவர் காலத்திலேயே கருதினர். காலென் அதனை மறுத்தார். சுரப்பி மூளை அறைக்குப் புறத்தே ஒட்டியுள்ளது. தானே அசையும் ஆற்றலும் அதற்கில்லை. அசையாதது எங்ஙனம் கதவாக இயலும் என்பது அவர் வாதம். அங்குக் கிளைத்துப் பிரியும் குருதிக் குழாய்களுக்கு முட்டுக் கொடுப்பதே அதன் பணி என்றார். ஆவியின் போக்கை ஆளும் வேலையை அண்மையிலுள்ள புழுவடிவ உறுப்பு ஒன்றிடம் ஒப்படைத்தார். முடிவு பிழைபட்டதாயினும், சுரப்பிக்கு இல்லாத பெருமையை ஏற்ற மறுத்த அந்நெறி நமக்கு உவப்பானதே.

உறுப்புகளின் பயன் பற்றிய காலெனின் அப்பெருநூல் ஒன்பதாம் நூற்றாண்டு பக்தாதில் அரபியாக்கம் பெற்றது. ஹுபைஷ் மொழிபெயர்க்க, அவருடைய மாமன் ஹுனைன் இப்னு இஸ்ஹாக் திருத்தியமைத்தார். அதே காலத்தில் பஅல்பக் நகரினரான குஸ்தா இப்னு லூகா, ரூஹுக்கும் நஃப்ஸுக்கும் இடையிலான வேறுபாடு குறித்து ஒரு சிறு நூல் யாத்தார். இம்மூவரும் கிறிஸ்தவர்களே. எனினும் அப்பாசியர் காலத்து அறிவு மரபினின்று இவர்களைப் பிரித்தெடுக்க எவராலும் இயலாது. புழுவடிவ உறுப்பு உயரும்போது பின்னறைக்குச் செல்லும் வழி திறக்கிறது என்றும், ஒன்றை நினைவுகூர விழைவோர் அண்ணாந்து நோக்குவதும், ஆழ்ந்து சிந்திப்போர் தலை கவிழ்வதும் அதன்பொருட்டே என்றும் குஸ்தா விளக்கினார். மனித நடத்தையைக் கூர்ந்து நோக்கிய ஒருவரின் எழுத்து என்பது இவ்விளக்கத்திலேயே புலனாகும்.

பன்னிரண்டாம் நூற்றாண்டில் இந்நூல் இலத்தீனில் பெயர்க்கப்பட்டு, அடுத்த நூற்றாண்டில் பாரிஸ் பல்கலைக்கழகத்தின் பாடநூல்களுள் ஒன்றாயிற்று. அங்கேதான் ஒரு குழப்பம் நேர்ந்தது. இடைக்கால இலத்தீன் நூல்கள் சில, குஸ்தா கூறிய புழுவடிவக் கதவுக்குப் பைன் காயின் பெயரைச் சூட்டின. காலென் விலக்கிய கருத்து இவ்வாறு பெயர் மயக்கத்தின் வழியே மீண்டும் உள்ளே நுழைந்தது.

அம்மயக்கத்தின் உச்சமாகப் பதினேழாம் நூற்றாண்டில் தெகார்த் வந்தார். மூளையின் ஏனைய பகுதிகள் யாவும் இரண்டிரண்டாக இருக்க, நடுவே தனித்து நிற்பது இதுவொன்றே. ஆதலின் இதுவே ஆன்மாவின் தலைமை இருக்கை என 1649இல் வெளிவந்த தம் நூலில் அவர் எழுதினார். டென்மார்க் அறிஞர் ஸ்டெனோ பாரிஸில் 1665இல் நிகழ்த்திய உரையில், இச்சுரப்பி தெகார்த் கூறியவாறு அசைவதற்கு இடமேயில்லை எனக் காட்டினார். ஏறத்தாழ காலெனின் பழைய வாதந்தான் அது. அதன்பின் இரு நூற்றாண்டுகளுக்கு மேல் இச்சுரப்பியை ஆராய்வோர் அருகினர். முதியோரிடத்தில் அது சுண்ணம் படிந்து எக்ஸ்ரே படத்தில் தென்படும். மூளையின் நடுக்கோடு விலகியுள்ளதா என அறிய மருத்துவர்களுக்கு அது பயன்பட்டது. அவ்வளவே அதற்குக் கிடைத்த மதிப்பு.

1917இல் மெக்கார்டும் ஆலனும் பசுவின் கூம்புச் சுரப்பியைத் தலைப்பிரட்டைகளுக்கு ஊட்டியபோது அவற்றின் மேனி வெளிறிப் போயிற்று. நாற்பதாண்டுகளுக்குப் பின் யேல் பல்கலைக்கழகத்துத் தோல் மருத்துவர் ஆரன் லெர்னர் இப்பழைய சோதனையைக் கையிலெடுத்தார். அவர் தேடியது உறக்கத்தை அன்று. வெண்புள்ளி நோய்க்கு ஒரு மருந்தை. ஒரு லட்சத்துக்கு மேற்பட்ட மாட்டுச் சுரப்பிகளை இறைச்சிக் கூடங்களிலிருந்து பெற்று, அவற்றினின்று மிகச் சிறு அளவு பொருளை 1958இல் பிரித்தெடுத்து, மெலட்டோனின் எனப் பெயரிட்டார். மனிதத் தோலில் அது யாதொரு பயனும் தரவில்லை. தன்னார்வலர்க்குச் செலுத்தியபோது இலேசான மயக்கம் மட்டுமே கண்டது. மருத்துவ வரலாற்றில் தேடியது கிட்டாது வேறொன்று கிட்டிய நிகழ்வுகள் பல. இது அவற்றுள் ஒன்று.

இதனோடு வந்து கலந்த மற்றோர் ஓடை வானியலிலிருந்து புறப்பட்டது. 1729இல் பிரெஞ்சு வானியலார் தெ மைரான், தொட்டாற்சுருங்கி வகையினதாகக் கருதப்படும் ஒரு செடியை இருளில் வைத்தும், அது பகலில் இலை விரித்து இரவில் கூம்புவதைக் கண்டார். உயிர்களுக்குள்ளேயே ஒரு நாழிகைமானி உண்டென்பதற்கு அது முதற்குறிப்பு. அந்நாழிகைமானியின் இருப்பிடம் 1972இல் அமெரிக்காவில் இரு குழுவினரால் எலிகளிடத்தில் கண்டறியப்பட்டது. கண் நரம்புகள் ஒன்றையொன்று குறுக்கிடும் இடத்துக்குச் சற்று மேலே அது அமைந்துள்ளது. அதனை அழித்த எலிகள் கால ஒழுங்கிழந்து கண்ட நேரத்தில் உறங்கி விழித்தன. மனிதனின் உள்நாழிகை சராசரியாக 24 மணி 11 நிமிடம் என 1999இல் ஹார்வர்டு ஆய்வாளர்கள் அளந்தனர். அதனை நாள்தோறும் உலக நேரத்தோடு பொருத்துவது ஒளி.

விழித்திரையின் ஒளியுணர் உயிரணுக்களிலிருந்து செய்தி அந்நாழிகைமானிக்குச் செல்லும். அங்கிருந்து அது நேரே அருகிலுள்ள சுரப்பிக்குப் போவதில்லை. தண்டுவடத்தின் வழியே இறங்கிக் கழுத்திலுள்ள நரம்பு முடிச்சைத் தொட்டு, மீண்டும் மேலேறியே கூம்புச் சுரப்பியை அடைகிறது. இருள் சூழ்ந்தால் மெலட்டோனின் பெருகும். நள்ளிரவுக்குப் பின் உச்சமுற்று விடியலில் வற்றும். இரவில் பாய்ச்சிய பேரொளி மனிதரிடத்தில் இச்சுரப்பைத் தடுப்பதை 1980இல் லூயியும் உடனாய்வாளரும் நிறுவினர்.

ஈண்டு ஒன்றை வலியுறுத்த வேண்டும். இரவில் இரை தேடித் திரியும் எலிக்கும் இரவிலேயே மெலட்டோனின் பெருகுகிறது. அது அப்போது உறங்குவதில்லை. ஆகவே இப்பொருள் உறக்கம் அன்று. 'இப்போது இரவு' என உடலெங்கும் பறைசாற்றும் தூது மட்டுமே. அத்தூதைக் கேட்டு உறங்குவதா, வேட்டைக்குக் கிளம்புவதா என்பதை ஒவ்வோர் உயிரும் தன் இயல்புக்கேற்பத் தீர்மானிக்கிறது.

இந்நுட்பத்தை 1995ஆம் ஆண்டின் ஆரவாரம் மறக்கடித்தது. பியர்பவோலி, ரீகல்சன் ஆகியோர் அவ்வாண்டு வெளியிட்ட நூல், மெலட்டோனின் முதுமையையே பின்தள்ளும் அற்புதம் என முழங்கிற்று. இளம் எலியின் கூம்புச் சுரப்பியை முதிய எலிக்குப் பொருத்தியதும், இரவில் நீரோடு மெலட்டோனின் ஊட்டியதும் அவர்கள் காட்டிய சான்றுகள். அமெரிக்காவில் 1994ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி இத்தகைய மாத்திரைகள் மருந்தன்று, உணவுத் துணைப்பொருளே என்றாகிவிட்டமையால், மருத்துவர் சீட்டின்றியே அவை கடைகளில் விற்றன. ரெப்பர்ட், வீவர் ஆகிய இருவர் அதே ஆண்டில் ஓர் ஆய்விதழில் எழுதிய மறுப்பு கூர்மையானது. அச்சோதனைகளில் பயன்பட்ட எலி இனங்கள் பரம்பரைக் குறையால் மெலட்டோனினை உண்டாக்கவே இயலாதவை என அவர்கள் சுட்டிக்காட்டினர். மெலட்டோனின் சுரக்காத இளஞ்சுரப்பி முதுமையை விரட்டியதெனின், அப்பெருமை மெலட்டோனினைச் சாராது. விற்பனையை இம்மறுப்பு தடுத்ததாகத் தெரியவில்லை.

இவ்விடத்தில் இப்னு ஸீனாவை (கி.பி. 980–1037) நினையாதிருக்க இயலவில்லை. உடல்நலத்துக்கு இன்றியமையாத ஆறு காரணிகளுள் உறக்கமும் விழிப்பும் ஒன்றென 'அல்கானூன் ஃபித்திப்' நூலில் அவர் வகுத்தார். பகலுறக்கத்தின் தீமைகளையும் அதில் எழுதினார். எண்ணெயை விளக்குச்சுடர் உண்பதுபோல, உடலின் இயற்கை வெம்மை அதன் ஈரத்தை உண்டு தீர்ப்பதே முதுமை என்பது அவர் கொள்கை. அக்கொள்கை இன்று செல்லாது. ஆயினும் அதனையொட்டி அவர் வரைந்த எல்லை குறிக்கத்தக்கது: மருத்துவக் கலை சாவினின்று காப்புறுதி தருவதன்று, எல்லார்க்கும் உச்ச ஆயுளை ஈட்டித் தருவதுமன்று, ஈரம் கெடாமலும் உரிய காலத்துக்கு முன் வற்றாமலும் பேணுவதே அதன் பணி. 1995இன் விளம்பரங்களை இவ்வெல்லையோடு ஒப்பிட்டு நோக்கின், ஆயிரம் ஆண்டுகளுக்கு முற்பட்ட மருத்துவரே அடக்கமுடையவராகத் தோன்றுகிறார்.

முதுமையில் உறக்கம் மாறுவது உண்மையே. முன்னிரவிலேயே கண் சொக்குதல், விடியுமுன் விழித்தல், ஆழ்துயில் குறைதல் ஆகியன முதியோர் பலரும் அறிந்தவை. கண்வில்லை மஞ்சளிப்பதால் நாழிகைமானிக்கு வேண்டிய நீல ஒளி குறைவாகவே உட்புகுகிறது. நாழிகைமானியின் ஏற்ற இறக்கமும் மங்குகிறது. ஆனால் வயதேறினால் மெலட்டோனின் எல்லார்க்கும் வற்றும் என்ற நெடுநாள் நம்பிக்கை 1999இல் ஆட்டங்கண்டது. மருந்து எதுவும் உட்கொள்ளாத நலமுள்ள முதியோரைத் தேர்ந்து ஹார்வர்டு ஆய்வாளர்கள் இரவுக் குருதியை அளந்தபோது, பெரும்பாலோரின் அளவு இளைஞர் அளவினின்று வேறுபடவில்லை. முதியோர் வழக்கமாக உண்ணும் சில வலிநீக்கிகளும், இரத்த அழுத்தத்துக்கான 'பீட்டா' தடுப்பு மாத்திரைகளும் மெலட்டோனினைக் குறைப்பவை என்பதால், முந்தைய கணிப்புகளில் முதுமையோடு மாத்திரைகளும் சேர்ந்து அளக்கப்பட்டிருக்கக்கூடும். வேறு ஆய்வுகள் குறைவையே காட்டுவதால் வழக்கு முற்றிலும் தீர்ந்ததென்று நாம் கூறோம்.

2007இல் ஐரோப்பிய ஒன்றியம், மெல்லக் கரையும் 2 மில்லிகிராம் மெலட்டோனின் மாத்திரைக்கு ஒப்புதல் வழங்கியது. ஐம்பத்தைந்து வயதுக்கு மேற்பட்டோரின் தரமற்ற உறக்கத்துக்கு, குறுகிய காலத்துக்கு மட்டும் என்பது அவ்வொப்புதலின் வாசகம். ஆயுளைப் பற்றியோ இளமையைப் பற்றியோ அதில் ஒரு சொல்லும் இல்லை.