முதல் வருஷம் மொழி, அப்புறம்தான் டிகிரி

நம்ம ஓசூர்ல டீக்கடையில நின்னாலே தமிழ், தெலுங்கு, கன்னடம் மூணும் காதுல விழும். ஆனா ரஷ்ய மொழியை ஒரே வருஷத்துல கத்துக்கிட்டு, அதுலயே இன்ஜினியரிங் படிக்கணும்னா?

1960-ல் மாஸ்கோவில் தொடங்கி, 1961-ல் பத்ரீஸ் லுமும்பா பெயரைப் பெற்ற மக்கள் நட்புறவுப் பல்கலைக்கழகத்தில் சோவியத் காலத்தில் இதுதான் நடைமுறையாக இருந்தது. ஆசிய, ஆப்பிரிக்க, லத்தீன் அமெரிக்க மாணவர்களுக்கு அப்போ கட்டணம் இல்லை, உதவித்தொகையும் இருந்தது. இந்தியர்களும் போனாங்க.

வகுப்பு முடிஞ்சாலும் பாடம் முடியாது. கேன்டீன்ல சாப்பாடு கேட்கவும், விடுதியில வேற நாட்டு நண்பனோட பேசவும் ரஷ்யன்தான். 6 வேற்றுமை நமக்குப் பழகிடும். ஆனா மேசை ஆண்பால், பேனா பெண்பால்!

எனக்குப் பிடிச்சது இதுதான்: இங்க முதல் நாளே இங்கிலீஷ் தெரிஞ்சவன் முன்னாடி போயிடுறான். அங்க எல்லாருமே ‘அ, ஆ’விலிருந்து தொடங்கினாங்க.