மேடைக்குரிய முதல் பேஸ் கிட்டார்: ஒரு வரலாற்றுக் குறிப்பு

எங்கள் விடுதியில் இண்டி ராக் இசைக்குழு ஒன்று உருவாகி வருகிறது. அதில் பேஸ் வாசிக்க முன்வந்திருக்கும் நண்பர் ஐசாலைச் சேர்ந்தவர். மாதம் 8,000 ரூபாய் உதவித்தொகையில் ஆய்வு செய்பவர். மூன்று மாதத் தொகையைச் சேர்த்து வைத்துக்கொண்டு, மேடைக்குத் தகுந்த முதல் பேஸ் எதுவென்று கேட்டார். இக்கேள்விக்கு இணையத்தில் விடைகள் மலிந்துள்ளன, பெரும்பாலானவை விலைப்பட்டியல்களே. ஒரு கருவி ஏன் அவ்வடிவில் இருக்கிறது என்பதை அறியாமல் அப்பட்டியல்களைப் படிப்பதில் பயன் குறைவு. அவரிடம் சொன்னவற்றைச் சற்று விரித்து இங்கே எழுதுகிறேன். நீண்ட பதிவு, பொறுத்தருள்க.

பேஸ் கிட்டார் பிறந்ததே மேடையின் நெருக்கடியால்தான். இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் நடனக் குழுக்களில் கீழ்ச்சுருதியை ஏந்தியது இரட்டை பேஸ் எனப்படும் பெரிய வயலின் குடும்பக் கருவி. ஆளுயரம் கொண்டது; காரின் கூரைமேல் கட்டி ஊர் ஊராகக் கொண்டுசெல்லப்பட்டது; ஊர் சேர்ந்த பின்னும் டிரம்ஸும் ஊதுகருவிகளும் முழங்கும்போது அதன் ஒலி கேட்பதில்லை. சியாட்டில் நகரைச் சேர்ந்த பால் டட்மார்க் 1930களிலேயே இதற்கொரு தீர்வு கண்டார். ஆடியோவாக்ஸ் 736 என்ற அவருடைய கருவி திண்ணிய மரத்தாலானது, கிட்டாரைப் போலக் கிடையாக ஏந்தி வாசிப்பது, மெட்டுகள் பொருத்தப்பட்டது, மின்னொலி தருவது. இன்றைய பேஸின் இலக்கணம் முழுவதும் அதில் உண்டு. ஆயினும் அது பரவவில்லை. சியாட்டிலுக்கு வெளியே அதை அறிந்தோர் சிலரே.

பரவியது, கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்ட்டனில் வானொலிப் பழுதுபார்ப்பவராகத் தொழில் தொடங்கிய லியோ ஃபெண்டர் 1951இல் வெளியிட்ட பிரெசிஷன் பேஸ். துல்லியம் என்ற அப்பெயர் மெட்டுகளைக் குறித்தது. இரட்டை பேஸின் மெட்டில்லாத கழுத்தில் சுருதி பிசகாமல் விரல் வைக்க நெடும்பயிற்சி வேண்டும். மெட்டு இருந்தால் கிட்டார் வாசிப்பவரும் ஒரு மாலைக்குள் ஓரளவு ஈடுகொடுத்துவிடலாம். தந்தியின் அதிர்நீளத்தை ஃபெண்டர் 34 அங்குலமாக வைத்தார். இரட்டை பேஸில் அது 41 அங்குலத்தை ஒட்டியது. அவருடைய கிட்டாரில் 25.5 அங்குலம். இவ்விரண்டுக்கும் இடையில் கையும் எட்ட வேண்டும், தந்தியும் தளராமல் நிற்க வேண்டும் என்று அவர் கண்ட சமரசமே இன்றுவரை பொது அளவாக இருக்கிறது. அடுத்த ஆண்டே இக்கருவிக்கென்று பேஸ்மேன் என்ற ஆம்ப்ளிஃபையரையும் வெளியிட்டார். ஆம்ப் இல்லாத மின்பேஸ் பாதிக் கருவி என்பதை அவர் அன்றே அறிந்திருந்தார். நம் கடைக்காரர்கள் இன்றும் அதைச் சொல்வதில்லை.

மொழியியல் படித்தவன் என்ற முறையில் ஓர் இடைக்குறிப்பு. 1950களிலும் 60களிலும் ஒலிப்பதிவுக் கூடங்களில் இக்கருவியின் பொதுப்பெயரே 'ஃபெண்டர் பேஸ்' என்பதுதான். வேறு நிறுவனத்தின் கருவியை வாசித்தாலும் அப்பெயரே வழங்கியது. நாம் எந்த நகலெடுப்பு இயந்திரத்தையும் செராக்ஸ் என்பதைப் போன்றது இது. பெயர் பொதுச்சொல்லாகிவிட்ட கருவிக்கு வடிவமும் பொதுவாகிவிடுகிறது. இன்று கடையில் காணும் மலிவான பேஸ்களுள் பெரும்பாலானவை அந்த ஒரே கருவியின் மறுஎழுத்துகளே.

1957இல் பிரெசிஷன் திருத்தம் பெற்றது. ஒற்றைச் சுருள் பிக்கப்பை இரு துண்டுகளாகப் பிரித்து, இரைச்சல் ஒன்றையொன்று அழிக்கும்படி எதிரெதிராக இணைத்தனர். சிறிய மாற்றம் போலத் தோன்றும். இதன் பெறுமதி இந்தியாவில் மிகப் பெரிது. அதற்குப் பின்னர் வருகிறேன். இவ்வமைப்பு கொண்ட 1962ஆம் ஆண்டுக் கருவி ஒன்றைத்தான் டெட்ராய்ட்டின் மோடவுன் நிறுவனத்தில் ஜேம்ஸ் ஜேமர்சன் வாசித்தார். ஒரே ஒரு சுட்டுவிரலால் மீட்டுவார். தந்தி அறுந்தாலொழிய மாற்றமாட்டார். 1960களில் அமெரிக்கா நடனமாடிய பாடல்களுள் எண்ணற்றவற்றின் அடித்தளம் அந்தப் பழந்தந்திகளின் ஒலிதான். ஒற்றைப் பிக்கப், ஒலியளவுக் குமிழ் ஒன்று, தொனிக் குமிழ் ஒன்று: அவ்வளவே அவருக்குப் போதுமாயிருந்தது.

1960இல் வந்த ஜாஸ் பேஸில் பிக்கப்புகள் இரண்டு. கழுத்து நுனியில் 38 மில்லிமீட்டர் அளவுக்கு ஒடுங்கியது. பிரெசிஷன் வகையின் இன்றைய வழக்கமான அகலம் 41, 42 மில்லிமீட்டர். சிறிய கையுடையோர் இந்த வேறுபாட்டை உடனே உணர்வர். 1966இல் மாணவர்களுக்கென்று 30 அங்குல அதிர்நீளத்தில் மஸ்டாங் பேஸ் வெளிவந்தது. குறுநீளக் கருவிகள் ஃபெண்டருக்கு முன்பே வேறிடங்களில் இருந்தன. ஜெர்மனியின் ஹாஃப்னர் நிறுவனம் 1956இல் வெளியிட்ட வயலின் வடிவ 500/1 அவற்றுள் புகழ்பெற்றது. பால் மெக்கார்ட்னி அதை 1961இல் ஹாம்பர்க் நகரில் வாங்கினார். ஃபெண்டரின் விலை அவருக்கு எட்டவில்லை. ஹாஃப்னர் ஏறத்தாழ 30 பவுண்டுக்குக் கிடைத்தது. அதன் உடல் இருபுறமும் ஒத்திருந்தமையால் இடக்கையால் வாசிப்பவர் திருப்பிப் பிடித்தாலும் கோணலாகத் தெரியவில்லை. காரணங்கள் இவ்வளவுதான். 1972இல் களவுபோன அக்கருவி அவரிடம் திரும்பியதாக அறிவிக்கப்பட்டது 2024இல்.

இனி இண்டி ராக். சிறு நிறுவனங்களில், சொந்த முயற்சியில் இசைத்தட்டு வெளியிட்டோரைக் குறித்த சொல் பின்னர் ஓர் ஒலியின் பெயராயிற்று. அவ்வொலியில் பேஸுக்குக் கிடைத்த இடம் தனித்தது. ராக் இசையின் வழக்கத்தில் கிட்டார் பாடும், பேஸ் தாங்கும். இங்கே பல பாடல்களில் பேஸே பாடுகிறது. இம்மாற்றத்தின் வேரில் இருப்பது கோட்பாடன்று, வறுமை. 1976 ஜூன் மாதம் மான்செஸ்டரில் செக்ஸ் பிஸ்டல்ஸ் குழுவின் நிகழ்ச்சியைக் கண்ட பீட்டர் ஹுக், மறுநாளே தாயிடம் 35 பவுண்ட் கடன் பெற்று பேஸ் ஒன்றை வாங்கினார். அவரும் நண்பர்களும் அமைத்த குழுவே ஜாய் டிவிஷன். ஹுக்கின் ஆம்ப் மட்டமானது. பெர்னார்ட் சம்னரின் கிட்டாரோ பேரொலி எழுப்பியது. தாழ்ந்த தந்திகளில் வாசித்தால் தம் ஒலி தமக்கே கேட்கவில்லை என்பதால் உயர்தந்திகளில் வாசிக்கத் தொடங்கியதாக அவரே கூறியுள்ளார். பாடகர் இயன் கர்ட்டிஸ் அதைக் கேட்டு விரும்பி ஊக்குவித்தார். 1979இல் வெளியான அவர்களுடைய முதல் முழுநீள இசைத்தட்டில் கேட்கும் அந்தத் துயரார்ந்த உயர்சுருதி பேஸுக்கு மூலம் ஒரு குறைபாடுள்ள ஒலிபெருக்கி.

கிம் டீல் இன்னும் ஒரு படி மேல். 1986இல் பாஸ்டனில் பிக்ஸீஸ் குழு பேஸ் வாசிப்பவரைத் தேடி விளம்பரம் செய்தபோது அவரிடம் பேஸே இல்லை. சகோதரி கெல்லியின் கருவியை இரவல் பெற்று வந்து சேர்ந்தார். அவர் வாசித்தவை பெரும்பாலும் எளிய, திரும்பத் திரும்ப வரும் நான்கைந்து சுரங்கள். ஆனால் பிக்ஸீஸின் பாடல் அமைதியிலிருந்து பேரோசைக்குத் தாவும் இடங்களில் தரையாக நின்றவை அவையே. (பேஸே வேண்டாம் என்று முடிவெடுத்த குழுக்களும் உண்டு. வொயிட் ஸ்ட்ரைப்ஸ் குழுவின் புகழ்பெற்ற 2003ஆம் ஆண்டுப் பாடலின் தொடக்கம் பேஸ் அன்று. ஒரு சுருதி மாற்றும் பெடலால் தாழ்த்தப்பட்ட கிட்டார். அதைப் பேஸில் பயின்றே பலர் இன்று கருவிப் பயிற்சியைத் தொடங்குகின்றனர் என்பது வேடிக்கை.)

விலை குறைந்த கருவியின் வரலாற்றிலும் ஒரு திருப்பம் நிகழ்ந்தது. 1970களில் ஜப்பானியர் செய்த நகல்கள் மூலக் கருவிக்கே சவால் விட்டன. அதற்கு விடையாக ஃபெண்டர் நிறுவனம் 1982இல் ஜப்பானிலேயே ஸ்குவையர் என்ற பெயரில் மலிவான பதிப்பைத் தொடங்கியது. 1965இல் தான் வாங்கியிருந்த பழைய தந்தி நிறுவனம் ஒன்றின் பெயர் அது. மலிவு என்பதற்குக் கைவிடப்பட்ட தரம் என்று பொருள்கொள்ளும் பழக்கம் அந்த ஆரம்பக்காலக் கருவிகளிலேயே தோற்றுவிட்டது. இன்று அவற்றைத் தேடிச் சேகரிப்போர் உண்டு.

இப்போது நம் மேடைக்கு வருவோம். இந்திய மின்சாரத்தின் அலைவெண் 50 ஹெர்ட்ஸ். பேஸின் தாழ்ந்த தந்தியில் மூன்றாம் மெட்டில் பிறக்கும் சுரம் ஏறத்தாழ 49 ஹெர்ட்ஸ். அதாவது மேடையில் மின்னிரைச்சல் புகுந்தால் அது வெறும் இரைச்சலாக நில்லாமல், நாம் வாசிக்கும் சுரத்தோடு உரசி அடித்துக்கொள்ளும். 60 ஹெர்ட்ஸ் வழங்கும் அமெரிக்காவில் இதே சிக்கல் வேறு சுரங்களின் அருகில் எழுகிறது. எர்த் இணைப்பு இல்லாத கல்லூரி அரங்குகள், பந்தல் விளக்குகள், நீண்ட ஒயர்கள் ஆகியவற்றின் நடுவே 1957ஆம் ஆண்டின் பிளவுப் பிக்கப் ஏன் அருமையானது என்பது இதனால் விளங்கும். ஜாஸ் வகையில் இரு பிக்கப்புகளையும் சமமாக வைத்தால் இரைச்சல் அடங்கும். ஒன்றைக் குறைத்தால் மீண்டும் எழும். ஆகவே இந்நாட்டில் முதல் மேடைக்கருவியாக நான் பரிந்துரைப்பது பிளவுப் பிக்கப் கொண்ட, மின்கலம் தேவைப்படாத, 34 அங்குலப் பிரெசிஷன் வகை. கை சிறிதெனில் குறுநீள மஸ்டாங் வகையை எடுப்பதில் இழுக்கொன்றுமில்லை; மெக்கார்ட்னி எடுத்ததும் குறுநீளமே. ஐந்து தந்திக் கருவி இவ்விசைக்குத் தேவையற்றது.

கடையில் சோதிக்க வேண்டியவை மிகுதியில்லை. பன்னிரண்டாம் மெட்டின் மேல் தந்தியை மெல்லத் தொட்டு எழுப்பும் ஒலியும், அதே மெட்டில் அழுத்தி எழுப்பும் ஒலியும் ஒரே சுருதியில் இருக்க வேண்டும். வேறுபட்டால் அதைச் சரிசெய்து தருமாறு கேட்க வேண்டும்; சரிசெய்ய இயலாதெனில் அக்கருவி வேண்டாம். முறுக்காணிகள் தளர்ந்திருக்கக் கூடாது. தோள்வாரைப் பூட்டி நின்று கையை எடுத்தால் கழுத்து தரையை நோக்கிச் சரியக் கூடாது. அமர்ந்து சோதிப்போர் தவறவிடுவது இதையே. கருவி 4 கிலோவை ஒட்டி எடையிருக்கும். ஒரு மணி நேரம் தோளில் தாங்கும் சுமை அது. குமிழ்களைத் திருகும்போது கரகரப்பு வந்தால் விலையைக் குறைத்துக் கேட்கலாம், அது எளிதில் தீரும். கழுத்து முறுகியிருந்தால் எவ்விலைக்கும் வாங்கலாகாது.

24,000 ரூபாயையும் கருவியிலேயே செலவிடுவது தவறு என்றே கருதுகிறேன். பழைய கருவியாயினும் நல்லதொன்றைக் குறைந்த விலைக்கு வாங்கி, தந்தியின் உயரத்தையும் கழுத்தின் வளைவையும் சீர்படுத்தக் கைதேர்ந்தவரிடம் கொடுத்து, புதுத் தந்தி பூட்டி, மீதியில் ஒரு டியூனரும் ஒரு டிஐ பெட்டியும் வாங்குவது மேல். நம் கல்லூரி மேடைகளில் பேஸ் ஆம்ப் கிடைக்கும் என்ற உறுதியில்லை. டிஐ பெட்டி இருந்தால் நேராக மிக்ஸருக்கு இணைத்துவிடலாம். அப்பெட்டியின் தரைத்தொடர்பு விசையைத் திருப்பினால் மேற்சொன்ன 50 ஹெர்ட்ஸ் இரைச்சல் பல வேளைகளில் அடங்கும். ஒலிச்சரிபார்ப்பின்போதே அதைத் திருப்பிப் பார்த்துவிட வேண்டும். நிகழ்ச்சி தொடங்கிய பின் ஒலிக் கலைஞர் நம் பக்கம் திரும்புவது அரிது.