பேட்லியின் கந்தல்

இங்கிலாந்தின் யார்க்‌ஷயர் பகுதியில் பேட்லி என்று ஓர் ஊர். 1813 வாக்கில் அங்கே துணி உற்பத்தி செய்துவந்த பெஞ்சமின் லா, கந்தலான கம்பளித் துணியைக் கிழித்து இழையாக்கி, புதுக் கம்பளியோடு கலந்து மறுபடி நூலாக நூற்கும் வழியைக் கண்டார். நெப்போலியன் போர்க்காலம் அது. படைக்குச் சீருடை வேண்டும், கம்பளிக்கோ தட்டுப்பாடு. கந்தல் விலைபோகத் தொடங்கியது. அதிலிருந்து பிறந்த துணிக்கு ‘ஷாடி’ என்று பெயர்.

கந்தலைக் கிழிக்கும் இயந்திரத்தை ‘பிசாசு’ என்றே ஊரில் அழைத்தார்கள். சுழலும் உருளை முழுக்க இரும்புப் பற்கள். அதிலிருந்து எழும் தூசு நெஞ்சில் இறங்கும். ‘ஷாடிக் காய்ச்சல்’ என்று அந்த நோய்க்குத் தனிப் பெயரே உண்டு.

தொழிலைத் தாங்கியவர்கள் தரம் பிரித்த பெண்கள். மலையாகக் குவிந்த பழந்துணி முன்னால் நின்று, பொத்தானை அறுத்து, தையலைப் பிரித்து, நிறவாரியாகக் கூடைகளில் போடுவார்கள். சிவப்பைச் சிவப்போடு சேர்த்துவிட்டால் மறுபடி சாயம் போடும் செலவு மிச்சம். லாபமே அந்தக் கைத்திறனில்தான் இருந்தது. லாவின் பெயர் வரலாற்றில் நிற்கிறது. பக்கத்தில் நிற்க வேண்டியவர்கள் இவர்கள்.

1830களில் தையல்காரர் வெட்டிப் போட்ட அழுத்தமான துண்டுகளும் இயந்திரத்துக்குப் போயின, அது ‘மங்கோ’. பிறகு, பருத்தி கலந்த துணியை அமிலத்தில் நனைத்துச் சூடேற்றி, பருத்தியைக் கருக்கி உதிர்த்துவிட்டுக் கம்பளியை மட்டும் மீட்டார்கள். ஐரோப்பாவின் கந்தலெல்லாம் மூட்டை மூட்டையாக வந்து இறங்கி ஏலம் போனது. 1860இல் சாமுவேல் ஜப் இந்தத் தொழிலுக்கு ஒரு வரலாற்று நூலே எழுதினார்.

அடுத்த ஆண்டு அமெரிக்க உள்நாட்டுப் போர் மூண்டது. ஒப்பந்தக்காரர்கள் தலையில் கட்டிய மட்டமான சீருடைகள் சிப்பாய்களின் உடம்பிலேயே பிய்ந்து போயின. ‘ஷாடி’ என்றாலே மட்டம் என்று ஆங்கிலத்தில் பொருள் நிலைத்துவிட்டது. ஏமாற்றியவர்கள் செய்த பாவம் துணியின் தலையில் விடிந்தது. ஏழைகளுக்குக் கட்டுப்படியான விலையில் கோட்டும் போர்வையும் தந்தது அதே ஷாடிதான்.

வட்டப் பொருளாதாரம் பேசும் இன்றைய ஸ்டார்ட்-அப்கள் பலவும் திணறும் இடம் ஒன்று உண்டு: கடைசியில் மிஞ்சுவதை வாங்க ஆள் வேண்டும். பேட்லிக்கு அந்த ஆள் கிடைத்தார். நூற்க முடியாத தூசும் துணுக்கும் உரமாகக் கென்ட் பகுதியில் பீருக்காக வளர்க்கும் ஹாப்ஸ் கொடித் தோட்டங்களுக்குப் போயின. பக்கத்து வேக்ஃபீல்டில் தண்டுக்காக வளர்க்கும் ருபார்ப் செடி வயல்களுக்கும் போயின. கம்பளி மெல்ல மக்கி நைட்ரஜனை மண்ணுக்கு விடும். அந்த உரத்தில் ஊறித் தேறிய ருபார்ப் கிழங்குகளைக் குளிர்காலத்தில் இருட்டுக் கொட்டகைக்குள் பெயர்த்து நட்டு, சிவந்து நீளும் தண்டுகளை மெழுகுவர்த்தி வெளிச்சத்தில் பறிப்பார்கள்.